முந்திப் படித்தல் என்னும் பாதகம்

பலர் கூடி ஒரு நூலைப் படிப்பதென்று தீர்மானித்து, இந்த வாரம் இன்ன அத்தியாயம் வரையில்தான் என்று ஒருவருக்கொருவர் வாக்கும் கொடுத்துக்கொண்ட பிறகு, ஊரடங்கிய வேளையில் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் ஒருவர் மட்டும் மேற்கொண்டு நாலு அத்தியாயம் படித்துவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றுமறியாதவர்போல் வந்து வணக்கம் சொல்லும் செயலுக்கு, நம்முடைய சாஸ்திரங்களில் பெயரும் இல்லை, பிராயச்சித்தமும் இல்லை. கொலை, களவு, கள், காமம், பொய் என்று பாதகங்களை ஐந்தோடு நிறுத்திக்கொண்ட பெரியோரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் காலத்தில் ஏடு ஒன்று, அதைப் படிப்பவர் ஒருவர், கேட்பவர் பலர் என்றிருந்தபடியால் ஒருவரை ஒருவர் முந்துவதற்கு மார்க்கமே இருக்கவில்லை. ஆளுக்கொரு பிரதி அகப்பட்ட பின்னரே இப்பாதகம் உலகில் ஜனித்தது. இது பொய்யின் கிளை என்பாரும், களவின் கிளை என்பாரும் உளராகலாம். இரண்டின் அம்சமும் பொருந்திய தனி வர்க்கம் என்பது நமது கட்சி.

ஆராய்ச்சிக்குக் களமாக அமைந்த வாசகர் குழு சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ ஆகிய நான்கு நகரங்களில் சிதறிக் கிடப்பது. அதன் அங்கத்தினருள் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் கண்டது கிடையாது. கைப்பேசியில் வரும் எழுத்தே அவர்களுக்குள் அறிமுகம், எழுத்தே சிநேகம், சமயத்தில் எழுத்தே சண்டையும். காணாமலே நட்புக் கொள்ளலாம் என்பதற்குக் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நமக்குப் பூர்வ பிரமாணமாக இருக்கிறார்கள். ஆனால் சோழன் வடக்கிருந்த இடத்துக்கு ஆந்தையார் வரவேண்டிய வேளைக்கு வந்து சேர்ந்தாரேயன்றி முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடவில்லை என்ற நுட்பத்தை, அந்நட்பைப் புகழ்ந்து பேசும் புலவர்கள் போதிய அளவு எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை.

படிப்பதற்கு எடுத்துக்கொண்ட நூல், அமெரிக்க நாவலாசிரியர் ஜெஃப் வாண்டர்மீர் 2017இல் வெளியிட்ட 'போர்ன்'. பெயரில்லாத ஒரு பாழ்நகரம். அதில் விதவிதமான ஜீவராசிகளைச் சோதனைச்சாலையில் செய்து குவித்துவிட்டுச் சீரழிந்துபோன ஒரு கம்பெனி, அதற்கும் 'கம்பெனி' என்பதைத் தவிர வேறு பெயரில்லை. அக்கம்பெனி படைத்து, பிறகு அதன் கட்டுக்கும் அடங்காமற்போய், ஆகாயத்தில் பறந்து திரிந்து ஊரை நாசமாக்கும் மோர்டு என்ற ராட்சதக் கரடி. அக்கரடி உறங்கும் சமயம் பார்த்து அதன் ரோமத்தில் ஏறி, அகப்பட்டதைப் பொறுக்கி வயிறு வளர்க்கும் ரேச்சல் என்ற பெண். இவள் ஒருநாள் அந்த ரோமக்காட்டில் கைமுட்டியளவான ஊதா நிறப் பொருள் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். கரையில் ஒதுங்கிய கடற்சாமந்திபோல் பாதி மூடிக்கிடக்கும் அப்பொருள் செடியா, பிராணியா, ஆயுதமா, அல்லது கம்பெனி செய்த வேறெந்த அபத்தமா என்று தெரியாமலே அதை வீட்டுக்கு எடுத்துவந்து, போர்ன் என்று பெயரிட்டுப் பிள்ளைபோல் வளர்க்கிறாள். அவளுடன் வாழும் விக் என்பவனோ, பாழடைந்த நீச்சல் குளத்தைத் தன் தொட்டியாக்கிக்கொண்டு, விழுங்கினால் போதையேற்றும் சிறு மீன்களையும், பிறர் ஞாபகங்களைச் சுமக்கும் வண்டுகளையும் தயாரித்து விற்பவன். தொழில் தர்மத்துக்கேற்ப, போர்னை அறுத்துப் பார்த்துவிடவேண்டும் என்பது அவன் அபிப்பிராயம். கூடாது என்பது அவளுடையது. ரேச்சலின் சொந்தத் தீவைக் கடல் கொண்டுபோயிற்று என்ற செய்தியும் நூலில் வருகிறது. கடல்கோள் என்ற பேச்சு எழுந்தால் தமிழர் கூட்டம் குமரிக்கண்டத்துக்குப் போகாமல் திரும்பாதாகையால், அந்த வாரம் முழுதும் நாவலை யாரும் தொடவில்லை. நம் குழுவில் ஒருவரும் முந்திப் படிக்காத வாரம் அது ஒன்றே.

இத்தகைய நூலில் முந்திப் படித்தல் ஏன் சாதாரணக் குற்றமாகாமல் பாதகமாகிறது என்பதை ஆராய்வோம். துப்பறியும் கதையில் ரகசியம் ஒன்றே. கொன்றவன் இன்னான் என்பதை மட்டும் மூடிவைத்துக்கொண்டால் முந்திப் படித்தவரும் மற்ற விஷயங்களில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். 'போர்ன்' போன்ற விசித்திர நாவலிலோ, உலகம் ஏன் அழிந்தது, கம்பெனி எங்கிருந்து வந்தது, கரடி எப்படிப் பறக்கிறது என்பவற்றில் எதையும் ஆசிரியர் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிலவற்றைக் கடைசிவரையிலும் சொல்வதில்லை. ஆகவே அங்கே வாசகர்களுக்குப் பொதுச்சொத்தாக இருப்பது அறியாமை ஒன்றே. அச்சொத்தில் தம் பங்கை ரகசியமாக விற்றுவிட்டு, பின்னும் பங்காளிபோல் பந்தியில் வந்து உட்கார்கிறவரை என்னென்பது?

இதற்குத் திருஷ்டாந்தமாக, போர்ன் எந்த வகை உயிர் என்பது பற்றி எங்களுக்குள் நடந்த வாதத்தை எடுத்துக்கொள்ளலாம். லண்டன் அன்பர் தொல்காப்பிய மரபியலை ஆதாரமாகக் கொண்டு வாதத்தைத் தொடங்கினார். புல்லும் மரமும் ஓரறிவின, சங்கும் சிப்பியும் ஈரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, நண்டும் வண்டும் நாலறிவின, விலங்கினம் ஐயறிவின, மனிதர் ஆறறிவினர் என்று ஆசிரியர் வரையறுத்துப் போயிருக்க, தொட்டியில் வைத்த செடிபோல் அசையாதிருக்கும் போர்ன் ஓரறிவுயிரே என்பது அவர் துணிபு. அடுத்த பகுதியில் அறையிலிருந்த பல்லிகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின; அன்பர் போர்னுக்குச் சுவையுணர்வைக் கூட்டி ஈரறிவுக்கு உயர்த்தினார். பிறகு அது நகர்ந்தது. கண்கள் தோன்றின, அதுவும் வேண்டிய இடத்தில் வேண்டிய எண்ணிக்கையில். பிறகு பேசத் தொடங்கிற்று. தான் ஒரு மனிதப் பிறவிதானா என்று ரேச்சலைக் கேட்கவும் கேட்டது. படி ஏறுகின்ற உயிரைத் தொல்காப்பியர் கண்டாரில்லை. அவர் கண்ட உயிர்களெல்லாம் அததன் படியிலேயே பிறந்து அதிலேயே மடிந்தவை. நாலறிவுக்குரிய வண்டு, விக்கின் கையில் ஆறறிவுடையவரின் ஞாபகத்தைச் சுமக்கும்போது அதை எங்கே வைப்பது என்ற உபபிரச்சினை வேறு கிளம்பிற்று. ரேச்சல் 'அது' என்பதை விட்டு 'அவன்' என்றே சொல்லத் தலைப்பட்டதை, உவப்பினால் திணை மயங்குவதற்கு நன்னூலார் இடங்கொடுத்திருக்கிறார் என்று நாம் சமாதானம் கூறி ஒருவாறு தீர்த்துவைத்தோம்.

இவ்விதம் நாங்கள் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் மல்லாடிக்கொண்டிருந்தபோது, அதுவரையில் வாய் திறவாதிருந்த சிங்கப்பூர் அன்பர், 'ஏழு' என்று ஒரே ஒரு சொல் எழுதினார். காரணம் கூறவில்லை. நாங்கள் அத்தனை பேரும் படித்திருந்த பக்கங்களிலிருந்து ஏழு என்ற முடிவுக்கு வருதற்குத் தர்க்கத்தில் வழியே கிடையாது. அறியாதவன் ஒருநாளும் அவ்வளவு சுருக்கமாகப் பேசமாட்டான். குற்றம் அக்கணமே நிரூபணமாயிற்று.

எனினும் எல்லாக் குற்றவாளிகளும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லையாதலால், மற்ற லக்ஷணங்களையும் குறித்துவைப்பது கடமையாகிறது. 'மெதுவாகவே படியுங்கள், அவசரமில்லை' என்று ஒருவர் கேளாமலே உபதேசம் செய்வாராயின், அவர் குறைந்தபட்சம் ஐந்து அத்தியாயம் முன்னே நிற்கிறார் என்று கொள்ளலாம். 'அந்தக் கரடியைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்' என்பவர் புத்தகத்தையே முடித்துவிட்டார். கிண்டில் பக்கத்தைப் படம்பிடித்து, 'இந்த வாக்கியம் எவ்வளவு அழகு பாருங்கள்' என்று அனுப்பும் ரசிகர், கீழ்மூலையில் சின்னதாகத் தெரியும் சதவீத எண்ணை வெட்டிவிட மறந்துபோவதுண்டு. வாக்கியத்தின் அழகை அதன்பின் யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றிலும் வலிய சாட்சியம், இரவு ஒருமணிக்கு வந்து, யாரும் பார்க்குமுன் மறைந்து, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற சாம்பல் நிற வரியை மட்டும் சமாதிக்கல்லாக நிறுத்திவிட்டுப் போகும் செய்தியாகும். மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களுக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார். பெயரும் இரண்டொரு மேற்கோளும் எஞ்சியிருந்ததால் அவருக்கு அது சாத்தியமாயிற்று. எங்களுக்கோ நேரம் ஒன்றே எஞ்சியது. அந்த ஒருமணி என்ற நேரத்தைக்கொண்டு, மறைந்த செய்தி துக்கமானதா, ஆச்சரியமானதா, கரடியைப் பற்றியதா என்று நாங்கள் எழுதிய உரைகள் நாவலைக் காட்டிலும் நீளமானவை.

தீய எண்ணத்தை மட்டுமே காரணமாகக் கூறுவது நியாயமாகாது. பூகோளத்துக்கும் இதில் பங்குண்டு. சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் இடையில் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. 'சனிக்கிழமை வரையில் முதற்பகுதி' என்று ஒப்பந்தம் செய்துகொண்டால், யாருடைய சனிக்கிழமை என்ற கேள்வி உடனே பிறந்துவிடுகிறது. கீழ்த்திசையில் வாழ்பவருக்குச் சூரியன் முந்தி உதிப்பதைக் குற்றமென்று சொல்ல எந்த நியாயஸ்தலத்தாலும் முடியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் அவர் இரண்டாம் பகுதியையும் முடித்துவிட்டதற்குச் சூரியன் பொறுப்பேற்குமா என்பது யோசிக்கத்தக்கது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'முடிவு தெரிந்தால் சுவை கெடும் என்பதே மேல்நாட்டுச் சரக்கு; நம் திரௌபதி அம்மன் கோயில்களில் நாட்கணக்காகப் பாரதம் வாசிக்கிறார்களே, துரியோதனன் படுகளத்தில் வீழ்வான் என்பதை அறியாமலா ஜனங்கள் வந்து உட்காருகிறார்கள்? அவனுடைய பிரமாண்டமான உருவத்தை மண்ணால் செய்து வெட்டவெளியில் படுக்க வைத்திருப்பதையே பார்த்துக்கொண்டல்லவா கதை கேட்கிறார்கள்?' என்று பூர்வபக்ஷி கேட்பான். கேள்வி கூர்மையானதே. ஆயின் அங்கே பிரசங்கியார் முதல் பாட்டியின் மடியில் உறங்கும் குழந்தை வரையில் எல்லோருக்கும் முடிவு தெரியும். எல்லோரும் சமமாக அறிந்தவர்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் பத்திரிகையில் வெளிவந்தபோது, அடுத்த இதழ் அச்சேறும் வரையில் ஆசிரியரையும் அச்சகத்தாரையும் தவிர்த்து எல்லோரும் சமமாக அறியாதவர்கள். எந்தத் தனவந்தரும் பணம் கொடுத்து நந்தினியின் அடுத்த வாரத்தை வாங்கிவிட முடியாது. சமமான அறிவைப் போலவே சமமான அறியாமையும் கூட்டத்தைச் சபையாக்க வல்லது. முந்திப் படித்தவரோ இரண்டிலும் சேராதவர். பாரதம் கேட்பவரின் நிம்மதியும் அவருக்கில்லை, தொடர்கதை வாசகரின் தவிப்பும் அவருக்கில்லை. ஆகவே, 'முடிவைச் சொல்லிவிட்டால்தானே குற்றம், சொல்லாமல் இருந்தால் என்ன?' என்ற இரண்டாம் ஆட்சேபமும் இதனாலேயே அடிபட்டுப்போகிறது. அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், சபையில் ஓரிடம் காலியாகிவிட்டது.

உண்மையில் அதிகம் துன்புறுகிறவரும் அவரே. நாவலில் ஒரு விவரம் வருகிறது: போர்ன் கண்டதையெல்லாம் உட்கொள்ளும், ஆனால் அதனிடமிருந்து எதுவும் வெளியே வருவதில்லை, எல்லாம் எங்கே போகிறது என்று ரேச்சல் திகைப்பாள். இதைப் படித்த வாரத்தில் எங்களுள் பெரிய தர்க்கம் மூண்டது. உடற்கூறு சாஸ்திரத்தையும் பக்தி மார்க்கத்தையும் இழுத்து ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தோம். விளக்கத்தை முன்னரே படித்துத் தெரிந்துகொண்டிருந்த சிங்கப்பூர் அன்பரோ, எங்கள் பேதைமை ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு, திருத்தவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், அத்தனையும் உள்ளே வாங்கி ஒன்றையும் வெளிவிடாமல் இருந்தார். நூலின் கதாநாயகனாகவே ஒருவர் மாறிவிடக் கண்டது எங்களுக்கு அதுவே முதல் தடவை. அது ஏன் வெளியே வருவதில்லை என்பதை இக்கட்டுரையில் விளக்குவதற்கில்லை. பாதகத்தைக் கண்டித்து எழுதுகிறவனே அப்பாதகத்தைச் செய்யலாகாது என்பதால், முற்பாதிக்கு அப்பாற்பட்ட எந்தச் சம்பவத்தையும் இதுவரையில் நாம் பிரஸ்தாபிக்கவில்லை, இனியும் செய்வதற்கில்லை.

பிராயச்சித்தம் விதிக்கவேண்டுமே என்று நீண்ட ஆலோசனை நடந்தது. வாண்டர்மீர் அதே உலகில், அதே காலத்தோடு ஒட்டி, சோதனைச்சாலையிலிருந்து தப்பியோடும் ஒரு செயற்கைப் பறவையைப் பற்றி 'தி ஸ்ட்ரேஞ்ச் பேர்ட்' என்ற குறுநாவல் எழுதியிருக்கிறார். மற்றவர் வந்து சேரும் வரையில் முந்தியவர் அதைப் படித்துக்கொண்டு வழியோரத்தில் காத்திருக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. 'போர்ன்' நாவலை முடிக்காதவர் அதைத் தொடலாகாதாகையால் இத்தண்டனை குற்றவாளிக்கு மட்டுமே பொருந்துவது என்ற நயமும் அதில் இருந்தது. அவர் அதையும் ஒரே இரவில் முடித்துவிட்டார்.

இப்போது குழு எடுத்திருப்பது அவ்வரிசையில் 2019இல் வெளிவந்த 'டெட் ஆஸ்ட்ரனாட்ஸ்'. கம்பெனியை எதிர்த்து மூவர் பல காலங்களிலும் பல உலகங்களிலும் போரிடும் கதை. நேர்கோட்டில் ஓடுவது அதன் சுபாவமன்று. ஒரே வாக்கியம் பக்கம் பக்கமாகத் திரும்பத் திரும்ப வரும் இடமும் அதில் உண்டு. சிங்கப்பூர் அன்பர் வழக்கம்போல் முன்னே போய்விட்டார் என்று சதவீத எண் தெரிவிக்கிறது. இம்முறை யாரும் அவர்மேல் வழக்குத் தொடரவில்லை. கடைசிப் பக்கத்தை அடைந்தவருக்கும் முதற்பக்கத்தில் நிற்பவருக்கும் அந்நூலைப் பொறுத்தவரையில் அறிவில் எள்ளளவும் பேதமில்லை என்று அவரே எழுதி ஒப்புக்கொண்டுவிட்டார்.