வாடகை வாஸ்து: கச்சிராயபாளையத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

வாஸ்து நூல்கள் சொந்த வீட்டுக்காரர்களோடு மட்டுமே பேச்சு வைத்திருக்கின்றன. மயமதம் மனையைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. மண்ணின் நிறம் பார், மணம் பார், குழி தோண்டி எடுத்த மண்ணாலேயே மூடி மிச்சம் இருக்கிறதா என்று பார் என்பது வாஸ்து மரபு. வீடு பார்க்க வந்தவன் வாசலில் குழி தோண்டினால் வீட்டுக்காரர் என்ன செய்வார் என்பதை அம்மரபு ஆராயவில்லை. அட்வான்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு 'டூ லெட்' பலகைக்குக் கீழே நிற்பவனுக்கான சாஸ்திரத்தின் இடம் காலியாகவே கிடக்கிறது. இக்கட்டுரை அதில் குடியேறுகிறது.

கச்சிராயபாளையத்தைக் களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கே இருக்கிறது. கல்வராயன் மலைக்கு ஒரு சாலை இங்கிருந்து ஏறுகிறது. ஆலை வேலைக்கு வந்தவர்கள், மலைப் பள்ளியில் வேலையும் அடிவாரத்தில் குடித்தனமுமாக இருக்கும் வாத்தியார்கள், மாற்றலில் வந்த அலுவலர்கள் என்று ஆய்வுக்கு ஆள் பஞ்சமில்லை. ஊரின் வாஸ்துவும் பாதி சரியாகவே இருக்கிறது. மேற்கே மலை, கிழக்கே சமவெளி: மேற்கு உயர்ந்து கிழக்கு தாழ வேண்டும் என்ற விதி மேஸ்திரி இல்லாமலே நிறைவேறியிருக்கிறது. தண்ணீர்தான் இடம் மாறிவிட்டது. ஈசானி மூலையில் நிற்க வேண்டியதை 46 அடி உயரக் கோமுகி அணையாக்கி மலையடியிலேயே தேக்கிவிட்டார்கள். ஈசானியில் கட்டியிருந்தால் பாசனத்துக்குத் தண்ணீர் மேடேறி வந்திருக்க வேண்டும்; அதற்கு எத்தனை ஹெச்.பி. மோட்டார் என்று சாஸ்திரம் சொல்லவில்லை.

இன்னொன்று. இங்குள்ள பழைய ஓட்டு வீடு ஒவ்வொன்றும் தென்னாற்காடு மாவட்டத்தில் பிறந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போய், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. வாசற்படி ஓர் அங்குலம் நகரவில்லை. கலெக்டர் ஆபீஸ்தான் கடலூரிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து கள்ளக்குறிச்சி என்று பெட்டி படுக்கையோடு நெருங்கி வந்திருக்கிறது. குடி மாறுவது குடித்தனக்காரனின் தனிக்குணம் என்ற கருத்தை இனி மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

அடுத்து அதிகார வரம்பு. தெலங்கானா முதலமைச்சராக இருந்த கே. சந்திரசேகர ராவ் பழைய தலைமைச் செயலகத்துக்கு வாஸ்து சரியில்லை என்றார்; 2020இல் அதை இடித்தார்கள்; புதியது 2023 ஏப்ரல் 30 அன்று திறக்கப்பட்டது. அந்த டிசம்பரில் அவர் ஆட்சியை இழந்தது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நமக்கு வேண்டியது, அவரால் இடிக்க முடிந்தது என்பது மட்டுமே. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவன் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவே வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வாடகைதாரர் சட்டம் ஒன்று 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது அது. வேறு மாதிரி எழுதிக்கொள்வதில் நம்மவர்களுக்கு உள்ள புலமை தனி ஆய்வுக்குரியது.

ஆக, வாடகை வாஸ்து என்பது கால் முளைத்த பொருள்களின் சாஸ்திரம்: பீரோ, கட்டில், சிலிண்டர், கண்ணாடி. பீரோ கன்னிமூலைக்குப் போக வேண்டும். அங்கே கக்கூஸ் கதவு இருக்கும். கட்டிலில் வடக்கே தலை வைக்கக் கூடாது. மின்விசிறியும் பிளக் பாயிண்டும் அப்படித்தான் படு என்னும். அக்கினி மூலையில் இல்லாத அடுப்பு மேடையை நகர்த்த முடியாது, ஆகவே சமைப்பவர் கழுத்தைக் கிழக்கே திருப்பிக்கொள்கிறார். திசையைச் செல்போனில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பீரோவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் வடக்கு பீரோவின் பக்கம் சாயக்கூடும். இரும்பு செல்போனின் காந்த உணரியைக் குழப்பும். அந்த வடக்கை நம்பிப் பீரோவை நகர்த்தினால் வடக்கும் கூடவே நகரும்.

இனி லைன் வீடு. இதுவே இவ்வாய்வின் கடினமான பகுதி. வடக்கு தெற்காக நான்கு போர்ஷன், எல்லா வாசலும் கிழக்கே என்று வைத்துக்கொள்வோம். வாஸ்து புருஷன் தலையை ஈசானியிலும் காலைக் கன்னிமூலையிலும் வைத்துப் படுத்திருப்பவர். மனை ஒன்று என்றால் புருஷனும் ஒருவர்தான். அப்படியானால் முதல் போர்ஷன்காரர் தலையில் குடியிருக்கிறார், கடைசிப் போர்ஷன்காரர் காலில். வாடகை மட்டும் எல்லாருக்கும் ஒன்று. பாரம் ஏற்றக் கூடாத பிரம்மஸ்தானம் இரண்டாவது, மூன்றாவது போர்ஷன்களுக்கு நடுச்சுவரில் விழுகிறது. அந்த ஒற்றைச் செங்கல் சுவரின் இரு பக்கமும் இரண்டு டிவி, இரண்டு சீரியல். போர்ஷனுக்கு ஒரு புருஷன் என்று கொள்வாரும் உண்டு. அப்போது நால்வர் ஒரே பாயில் சரிந்து படுத்தது போலாகிறது. பொதுக் குழாயும் பொதுக் கக்கூஸும் எந்தப் புருஷனின் கணக்கு என்ற கேள்வி எழுகிறது. தண்ணீர் வராத நாளில் அது கேள்வியாக மட்டும் நிற்பதில்லை.

பலன் யாருக்கு என்பதில் அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்துள்ளனர். பட்டாவில் பெயர் இருப்பவருக்கே என்போர் பட்டாவாதிகள். அடுப்புப் பற்ற வைப்பவருக்கே என்போர் அடுப்புவாதிகள். வீட்டுக்காரம்மா வீடு காட்டும்போது அடுப்புவாதி: "மின்னாடி இருந்த டீச்சரம்மாவுக்கு இந்த வூட்டுக்கு வந்தப்புறந்தான் ரெண்டு பொண்ணுக்கும் கல்யாணம் கூடிச்சி." குடியிருந்தவர் வழுக்கி விழுந்து கால் உடைந்தால், "அது அவங்க ஜாதகம், வூடு என்னா பண்ணும்?" குடித்தனக்காரரும் சளைத்தவரல்ல. புரமோஷன் வந்தால் உழைப்பு. சீட்டுப் பணம் போனால் தெருக்குத்து. இரு தரப்பாரும் தேவைக்கேற்பக் கட்சி மாறிக்கொள்வதால் விவாதம் முற்றுப்பெறவில்லை.

பால் காய்ச்சும் சடங்கில் மட்டும் உறுதியான முடிவு கிட்டியது. பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்பர். மேடையை எந்தப் பக்கம் வாட்டம் விட்டிருக்கிறாரோ கொத்தனார், அந்தப் பக்கம்தான் பால் வழியும். வாட்டம் சிங்க்கைப் பார்த்து இருக்கும். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது சிங்க் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் ஆண்டுக்கு எட்டு நாள் கண் விழிக்கிறார். சித்திரை 10இல் தொடங்கி மாசி 22இல் முடிகிறது கணக்கு. ஒவ்வொரு முறையும் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம். அதை ஐந்தாகப் பிரித்துப் பல் துலக்கி, குளித்து, பூஜை செய்து, சாப்பிட்டு, வெற்றிலை போடுகிறார். ஒவ்வொன்றுக்கும் 18 நிமிடம். ஆண்டு முழுவதும் கூட்டினால் 12 மணி நேரம். வீட்டுக்காரரோ ராத்திரி பதினோரு மணிக்கு நீங்கள் மோட்டார் போட்டாலும் விழித்துக்கொள்கிறார். எண்திசைக் காவலருக்கு அடுத்து ஒன்பதாமவராக அவரைச் சேர்க்க இக்கட்டுரை பரிந்துரைக்கிறது.

ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி மாதங்களில் புருஷன் விழிப்பதே இல்லை; அப்போது புது வீட்டுக்குக் குடி போகத் தயங்குவார்கள். ஆடியில் விழித்தாலும் அம்மாதம் குடி போகிறவர் குறைவு. இங்கேதான் குடித்தனக்காரனுக்கு ஒரே ஒரு பரிகாரம் அகப்படுகிறது: ஒழுகும் ஓட்டை மாற்றச் சொல்லி வைகாசியில் கேட்டால் நடக்காது, ஆனி பிறந்ததும் "காலி பண்ணலாம்னு இருக்கோம்" என்றால், ஆடி முடிய வீடு பூட்டிக் கிடக்குமே என்று வீட்டுக்காரர் ஓடு மாற்றிக் கொடுத்துவிடுவார். இக்கருதுகோளை அவரிடமே முன்வைத்தபோது வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "மலைக்கு மாத்தலாயி வர்ற வாத்தியாருக்கு ஆனி என்னா, ஆடி என்னா? ஆர்டர் வந்தா வந்து சேந்துதானே ஆவணும். நீங்க எப்ப காலி பண்றீங்க?"