கூடம் கோணலா, பாரு தம்பி

வா தம்பி, உக்காரு. லேப்டாப்ப மடி. காலேஜ் நாடகத்துக்கு நீதான் செட்டு போடறியாமே? இன்னா நாடகம், கர்ணமோட்சமா? பலே. பின்னால எல்.இ.டி. திரை, அதுல குருக்ஷேத்திரம். ரெண்டு ஓரத்துலயும் புகை மெஷின். நடுவுல சுத்துற மேடை. எல்லாம் சரி, கர்ணன் எங்கடா நிப்பான்?

அதுக்குப் பேரு கான்செப்டாம். இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்.

நாடக வரலாறு செம போருன்னு அலுத்துகினியே, நீ தலைக்கு வச்சுத் தூங்கின அந்தப் புத்தகத்த நான் புரட்டிப் பாத்தேன். அதுல இருக்கற படத்த அப்பிடியே காப்பியடிக்கவா எழுதி வச்சான்? ஏன் இப்பிடிக் கட்டினான்னு கேக்க வேணாமா?

லண்டன்ல குளோப்புன்னு ஒரு கொட்டாய். ஷேக்ஸ்பியர் நாடகம் நடந்த எடம். வேய்ஞ்ச கூரை. 1613ல ராஜா வர்ற காட்சின்னு நெஜப் பீரங்கி வெடிச்சிருக்கான். கூரை பத்திகிச்சு, கொட்டாய் சாம்பல். உசுருக்குச் சேதமில்ல. ஒருத்தன் கால்சட்டை மட்டும் பத்தி, மதுவ ஊத்தி அணைச்சாங்களாம். (வீணாப் போனது எதுன்னு நான் சொல்லல.) 1614ல திரும்பக் கட்டினப்ப கூரைக்கு ஓடு போட்டான். உங்க சாரு அத கட்டடக்கலை மாற்றம்னு நோட்ஸ் குடுப்பாரு. நான் பட்டறிவும்பேன். உன் புகை மெஷின் பக்கத்துல இன்னா துணி தொங்குது, பாத்தியா?

அங்க ஆட்டம் பட்டப்பகல்ல. ராத்திரின்னு எப்பிடிக் காட்டுவான்? கையில பந்தத்தோட வருவான். முடிஞ்சுது. நீ எத்தினி நீல லைட்டு கேட்டிருக்க?

ஜப்பான்காரன் நோ நாடக மேடைப் படத்த வேற சுவத்துல ஒட்டி வச்சிருக்க. பின்பலகையில ஒரு பைன் மரம், நாலு தூணு. மினிமலிசம் தாத்தான்ன. முன்னால மூலையில நிக்கற தூணு எதுக்குத் தெரியுமா? முகமூடி மாட்டினவனுக்குக் கண்ணோட்டை இத்தினூண்டு. அந்தத் தூண வச்சுத்தான் மேடையில தான் எங்க இருக்கோம்னு கணிப்பான். இல்லேன்னா ஜனங்க மடியில விழ வேண்டியதுதான்.

நம்ம இளங்கோ மட்டும் லேசுப்பட்டவரா? மாதவி ஆடின அரங்குக்கு அளவே குடுத்துட்டாரு. அகலம் 7 கோல், நீளம் 8, ஒசரம் 1. கோலுக்கு 24 விரல். வாசல் ரெண்டு. திரை மூணு தினுசு. அதக்கூட விடு. தூணோட நிழல் அரங்குல விழாம வெளக்கு வச்சாங்கன்னு ஒரு எடம் வருது பாரு, அங்க புத்தகத்த மூடிட்டு எழுந்து ஒரு நடை நடந்தேன். ஆடறவ மூஞ்சிய நிழல் மறைச்சு, எவனோ முன்வரிசைக்காரன் முணுமுணுத்திருப்பான். இல்லேன்னா இது எப்பிடித் தோணும்?

இப்ப நம்ம பக்கத்துத் தெருக்கூத்து. சிரிக்காத. திரைக்கு ரெண்டு ஆளு, ஆளுக்கொரு முனை புடிச்சிகினு நிப்பாங்க. மேல கிரீடத்து உச்சி தெரியும். சலங்கை கேக்கும், பாட்டு கேக்கும், மூஞ்சி மட்டும் தெரியாது. அதுவரைக்கும் தூங்கிகினு இருந்த கெழவி எழுந்து உக்காருவா. அப்புறந்தான் திரை விலகும். உன் எல்.இ.டி. எந்தக் கெழவிய எழுப்பும்? ஒரே ஒரு பெஞ்சி. துரியோதனனுக்கு அதான் சிம்மாசனம். கொஞ்ச நேரம் கழிச்சு கர்ணனுக்கு அதான் தேரு.

பாரதக் கூத்து முடியற நாள் காலையில படுகளம். களத்துல துரியோதனன மண்ணால செஞ்சு மல்லாக்கப் படுக்க வெப்பாங்க. எம்மாம் பெருசு! அந்தத் தொடையச் சுத்தி பீமனும் துரியோதனனும் தொரத்திகினு ஓடறப்ப வேஷக்காரங்க சின்னவங்க ஆயிடறாங்க, கதை பெருசாயிடுது. அத்தினி ராத்திரியும் பெஞ்சியோட ஒப்பேத்தினாங்களே, காசு இல்லாமயா? கண்ணப் பட்டினி போட்டாத்தான் கடைசியில அந்த மண்ணு உருவம் நெஞ்சுல ஏறும். நீ மொத காட்சியிலயே மேடைய சுத்த வுட்டுட்டா, கர்ணன் சாவறப்ப எத சுத்துவ?

செரி, எழுந்திரு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். செட்டு போடறவனுக்கு அந்தச் சாக்கும் கெடையாது, கோணலான்னு பாக்கறதே அவன் வேலை. உங்க ஆடிட்டோரியத்துல கடைசி வரிசையில ஒரு நாளாவது உக்காந்தியா? எந்தத் தூணு யாருக்கு மறைக்குது? தேருக்குப் பன்னெண்டு அடி அகலம் போட்டிருக்கியே, பக்கவாட்டுக் கதவு எத்தினி அடி?

அளக்கலியா? நெனச்சேன். டேப்பு பரண் மேல கெடக்கு, எடுத்துகினு போ. திருப்பிக் குடுத்துடணும், ஆமா.