பல்லைப் பிடிச்சுப் பாருடா, பேராண்டி

பூதம் எங்கடா? மூடிக் கிடக்கிற நம்ம பிசாநத்தம் தங்கச் சுரங்கத்துக்குள்ள பூதம் வரும், எல்லாம் எழுத்துலயே ஓடும், குடுபல்லிப் பசங்க அத்தனை பேரும் சேர்ந்து ஆடலாம்னியே? கேட்டா, "கனெக்ஷன் கோடே முடியல தாத்தா"ங்கிறே. சபாஷ்!

1978ல எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்துல ராய் டிரப்ஷா, இப்படிப் பல பேர் சேர்ந்து எழுத்துலயே ஆடுற முதல் "மட்" விளையாட்டை எழுதினாரு. எடுத்தாள முன்னால ஒண்ணும் இல்லே, எழுதினாரு. உனக்கென்ன கேடு? 1991ல கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துப் பசங்க டிகுமட்னு இன்னொண்ணை ஊருக்கே விட்டாங்க. 1993ல ஜெரமி எல்சன் அதை எடுத்துச் சீர்பண்ணி சர்க்கிள்மட்னு குடுத்தாரு. அந்தக் கெட்டிக்காரனே எடுத்துத்தான் ஆண்டிருக்கான். துரைக்கு மட்டும் எல்லாம் சொந்தக் கையால வேணுமாம்.

சர்க்கிள்மட்ல காம்.சி-ன்னு ஒரு கோப்பு. செலக்ட்ங்கிற சிஸ்டம் அழைப்பை வச்சு வந்தவன் எல்லாரையும் ஒரே சுத்துல விசாரிக்கும். ஒருத்தன் லைன் அறுந்தாலும் மத்தவன் சண்டை நிக்காது. பாஸ்வேர்டு அடிக்கிறப்ப திரையில காட்டாதேன்னு டெல்நெட்டுக்குச் சொல்லும். கட்டளை துண்டு துண்டா வந்தாலும் என்டர் வர்ற வரைக்கும் சேர்த்து வச்சுக்கும். உன் கோடு? "வடக்கே போ"ல "வட" வந்ததுமே, பசிக்குது போலன்னு அவனைச் சமையல்கட்டுக்கு அனுப்புது.

ஆனா தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்காதேம்பாங்களே, அதைக் கேக்காதே. நீ பாரு. அந்த காம்.சி, வர்ற ஒவ்வொரு பைட்டையும் "நீ ஆஸ்கியா?"ன்னு கேட்டு, இல்லேன்னா கீழே தள்ளிடும். யுடிஎஃப்-8ல தமிழெழுத்தும் குறைஞ்சது மூணு பைட், தெலுங்கெழுத்தும் குறைஞ்சது மூணு பைட், ஒண்ணுகூட ஆஸ்கி கிடையாது. நம்ம ஊர்ல ரெண்டு பாஷைக்காரனும் ஒத்துமையா ஊமையாவான்! அந்தக் கேள்வியை எடுத்துட்டா முடிஞ்சுதுன்னு கையைத் தட்டாதே. பேக்ஸ்பேஸ் அடிச்சா ஒரு பைட் மட்டும் போகும், மிச்சம் அநாதையாத் தொங்கும். அதையும் சேர்த்துத் திருத்து. உன் ராத்திரித் தூக்கத்தை அங்கே செலவழிச்சா தப்பில்லே.

இதுல காசு பாக்கலாம்னு கணக்குப் போட்டியா? சர்க்கிள்மட்டுக்கும் பொருந்துற பழைய டிகு உரிமத்துல லாபம் கூடாது. காசுதான் வேணும்னா லிப்டெல்நெட்ங்கிற நிரல் நூலகத்தை எடு, அது பொதுச்சொத்து. ஆனா டெல்நெட் பேச்சைத்தான் பிரிச்சுக் குடுக்கும். சாக்கெட்டு பாடு உன் தலையில.

சர்க்கிள்மட்டையே எடுத்தா, டிகுவை எழுதின அஞ்சு பேர் பேரும் லாகின்ல வரணும், அதுவும் அந்தப் பழைய உரிமத்துல இருக்கு. உன் பேரை அதுக்கடியில போட்டுக்கோ. இத்தனை நாளா கரண்டு பில்லு கட்டின உங்கப்பன் பேரையும் போடுடா, அவன் உரிமமெல்லாம் கேக்க மாட்டான்.