ஒற்றாடல்: கோவண்டி உரை

நூல் செய்யப் புகுந்தவன் முதலில் பாயிரம் சொல்ல வேண்டும் என்பது பவணந்தி முனிவர் வகுத்த முறை. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்று எட்டு. காலம், களன், காரணம் கூட்டிப் பதினொன்று என்பாரும் உளர். முறையை மீறுவானேன்?

ஆக்கியோன், துறைமுகச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் ஓர் அலுவலகத்தின் சிஸ்டம் ஆள். பெயர் வேண்டாம், சம்பளம் இன்னும் அங்கேதான் வருகிறது. எல்லை: மேற்கே செம்பூர், கிழக்கே மான்கூர்ட், தெற்கே ட்ராம்பே குன்று, வடக்கே 1927 முதல் பம்பாயின் குப்பையைத் தாங்கி நிற்கும் தேவ்னார் மேடு. களன், கோவண்டி ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு காலா. மும்பையில் காலா என்றால் தொழிற்கூடத்துக்கு வாடகைக்கு விடும் கூடம். ரஜினி படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. யாப்பு, விண்டோஸ். கேட்போர் இதுவரை முன்வரவில்லை. பயன் இறுதியில் ஆராயப்படும்.

நுதலிய பொருள் இது: ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி கணக்கெடுத்து, பழுது பார்த்து, மென்பொருள் ஏற்றி, இறக்கி, ஆளுகின்ற மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவி ஒழுங்குபடுத்தல். வழியைச் சொல்வதானால், மைக்ரோசாஃப்ட் 1994இல் வெளியிட்ட சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வரை முதல்நூல் வரிசையில் வைக்கலாம். வழிநூல்கள் பல. அவற்றுள் ஒன்று நம்மூர்ச் சரக்கு: சென்னை ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு டெஸ்க்டாப் சென்ட்ரல் என்று விற்று, பிறகு எண்ட்பாயின்ட் சென்ட்ரல் என்று பெயர் மாற்றியது. நாங்கள் வாங்கியது எது என்பதைச் சொல்லப் போவதில்லை. கீழே வரும் பிழைகளில் பெரும்பகுதி எங்களுடையவை.

காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு ஒட்டு வெளியிட்டது. 59 நாள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் புகுந்தது. அப்போதாவது ஒட்டியிருக்கலாம். 105ஆம் நாள், ஜூன் 27 அன்று, நாட்பெட்யா அதே ஓட்டையையும் வேறு சில தந்திரங்களையும் கொண்டு புகுந்தது. கோவண்டிக்கு எதிர்க்கரையான நவசேவாவின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் முனையம் நின்றுபோயிற்று. எங்கள் முதலாளி அண்ணாச்சி அதைப் பேப்பரில் படித்தார். படித்து யோசித்து மென்பொருள் வாங்க ஆறு வருஷம் ஆயிற்று. சுங்கத்துறையோடு பழகியவர்; அவசரப்படமாட்டார்.

பாயிரம் முற்றிற்று.

இம்மென்பொருள் தான் ஆள வேண்டிய ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு நிரலை உட்கார வைக்கிறது. கலைச்சொல் அகராதிகள் இதை முகவர் என்கின்றன. பொருந்தாது. முகவர் எல்.ஐ.சி.க்காரர் போல வாசலில் நின்று, சிரித்து, மகளுக்கு எத்தனை வயது என்று கேட்பவர். இதுவோ சத்தமில்லாமல் உள்ளே இருந்து, பார்த்ததையெல்லாம் அரசனுக்கு அனுப்புவது. இதற்குத் தமிழில் ஒற்று என்று பெயர். இதற்கான கையேட்டைத் திருவள்ளுவர் பொருட்பாலில் 59ஆம் அதிகாரமாக எழுதிவைத்திருக்க, நான் விற்பனையாளர் தந்த பி.டி.எஃப்பைப் படித்து இரண்டு மாதம் வீணாக்கினேன்.

நிறுவுதலில் சொல்ல அதிகமில்லை. சர்வர் என்பதற்கு எங்கள் அலுவலகத்து இலக்கணம், எந்தக் கணினியின் மேல் டீ டம்ளர் வைக்கக் கூடாதோ அது. அதில் நிரலை ஏற்றி, 'நெக்ஸ்ட்' என்பதை ஆறேழு முறை அழுத்தி, போர்ட்டைத் திறந்துவிட்டால் இருபது நிமிடத்தில் அரியணை தயார். ஒழுங்குபடுத்தல் இந்த வரி எழுதும்வரை முடியவில்லை.

முதல் இடர் ஆட்சிமுறையில். டொமைன் இருக்கும் அலுவலகம் முடியாட்சி, ஒரே சாவியால் எல்லாக் கதவும் திறக்கும். எங்களுடையது ஒர்க்குரூப், அதாவது பாளையப்பட்டு. ஒவ்வொரு மேசையும் தனக்குத் தானே ராஜா. நாயக்கர் காலத்துப் பாளையம் 72. எங்களுடையது 34 என்பது அண்ணாச்சி கணக்கு. 34 பாஸ்வேர்டையும் வாங்க ஒரு நாள் மேசை மேசையாகப் போனேன். சொல்லமாட்டேன் என்று மறுத்தவர்கள் இருவர். மற்றவர்களிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை, மானிட்டரிலேயே ஒட்டியிருந்தது.

பிறகு வலையைத் துழாவச் சொன்னேன். வந்த கணக்கு 41. ஒன்று சிசிடிவிக்கான விண்டோஸ் கணினி. இரண்டு, பார்ட்டிஷனுக்குப் பின்னால் யாரும் அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த பழைய கணினிகள். அவற்றில் வேலை செய்தவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். மூன்று, அண்ணாச்சி எண்ணும்போது விட்டுப்போனவை. மீதி ஒன்று அண்ணாச்சியின் அக்கா மகனுடையது. அதிலிருந்த கிராபிக்ஸ் கார்டின் விலைக்கு ஒரு சர்வரே வாங்கலாம்.

வேலை செய்வோர், சுற்றத்தார், பகைவர் என மூன்று வகையாரையும் ஆராய்வதே ஒற்று என்பது வள்ளுவர் கொள்கை. சுற்றத்தாரை இரண்டாவதாக வைத்ததன் நுட்பம் உரையாசிரியர் பதின்மருக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு அன்று புரிந்தது. அக்கா மகன் கணினியில் ஒற்றை ஏற்றப் போனபோது அண்ணாச்சி கூப்பிட்டார்.

"தம்பி, அவன் சின்னப் பையன். அதை விட்ருங்க."

"சரி அண்ணாச்சி. உங்க லேப்டாப்?"

"அதுல வீட்டு போட்டோல்லாம் இருக்கு."

58ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம், பழகியவரிடம் காட்டும் தாட்சண்யம். ஒற்றாடலுக்கு நேர் முந்தையது. அண்ணாச்சி குறளை வரிசையாகப் படித்து வந்து அங்கேயே நின்றுவிட்டார் என்க. ஆக, ஒற்று அமர்ந்த கணினி 39.

ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்பது அடுத்த விதி. எங்கள் கணினிகளில் ஏற்கெனவே வேறொரு கம்பெனியின் ஆன்ட்டிவைரஸ் ஒற்று இருந்தது. விதிப்படி நான் யாரையும் யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை. மறுநாள் காலை பார்த்தால், பழைய ஒற்று புதிய ஒற்றைப் பகைவன் ஆளென்று பிடித்து 22 கணினிகளில் சிறையில் போட்டிருந்தது. ஒவ்வொன்றாகப் போய், இவன் நம்ம ஆள் என்று விலக்குப் பட்டியலில் எழுதிக் கொடுத்து மீட்டேன். வள்ளுவர் விதியில் இந்த ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் வேண்டும் என்று பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எல்லாருக்கும் நிகழ்வதையெல்லாம் எந்நாளும் விரைந்தறிவது வேந்தன் தொழில் என்கிறார். விரைவு என்பதற்கு அளவு சொல்லவில்லை. விண்டோஸின் குரூப் பாலிசி 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை தாமதம் சேர்த்துப் புதுப்பிக்கிறது. எங்கள் ஒற்றும் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்குக் குரல் கொடுக்கும். 90 நிமிடம் என்பது மூன்றேமுக்கால் நாழிகை. ஒரு ராகு காலத்தின் சரியான நீளம். இந்தப் பொருத்தத்தை யாரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

இனி நூலின் உயிரான பகுதி. மன்னன் இருக்குமிடம் மாறலாகாது. இதைச் சர்வருக்கு நிலையான ஐபி கொடுத்தல் என்பர். ஒவ்வொரு ஒற்றின் மடியிலும் சர்வரின் விலாசம் எழுதியிருக்கும். அதைப் பார்த்துத்தான் அது ஓலை அனுப்பும். நான் அந்த விலாசத்தை நிலைப்படுத்தாமல், விலாசம் வழங்கும் வேலையை ரவுட்டரிடமே விட்டிருந்தேன். ஜூலை மழையில் ஒரு மாலை மெயின் விழுந்தது. ரவுட்டர் பழைய கணக்கையெல்லாம் மறந்து எழுந்தது. சர்வர் விழித்து வர ஆறு நிமிடம் ஆகும். பிரிண்டர் ஒரு நிமிடத்தில் வந்து நின்று விலாசம் கேட்டது. ரவுட்டர் சர்வரின் பழைய விலாசத்தை அதற்குக் கொடுத்துவிட்டது.

ஒன்பது நாள், 39 ஒற்றர்களும் மூன்றேமுக்கால் நாழிகைக்கு ஒருமுறை, எந்தக் கணினியில் யார் என்ன ஏற்றினார் என்பதையெல்லாம் சொல்லப் பிரிண்டரின் வாசலில் போய்த் தட்டியிருக்கிறார்கள். பிரிண்டர் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. ஐயம் தராத உருவம், கண்ணுக்கு அஞ்சாமை, எந்நிலையிலும் இரகசியத்தை உமிழாமை என்று ஒற்றுக்கு வள்ளுவர் சொன்ன மூன்று இலக்கணமும் முழுமையாக அமைந்த பொருள் எங்கள் அலுவலகத்தில் அந்த லேசர் பிரிண்டர் ஒன்றுதான். பேப்பர் சிக்கினால் மட்டும் கத்தும்.

சர்வர் திரையில் 39 கணினிகளும் சிவப்பாகத் தெரிந்தன. மழைக்கு யாரும் வரவில்லை போலும் என்று நினைத்தேன். எல்லோரும் என்னைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்து முகூர்த்தம். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபர் முதல் மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் ஒட்டுகளை வெளியிடுகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி. நமக்கு அவர்கள் கோடையில் இரவு 10.30, குளிரில் 11.30. ஆகவே கோவண்டியில் அது புதன்கிழமைக் காரியம். புதனில் ராகு காலம் 12 முதல் 1.30, அது சாப்பாட்டு நேரம், கழித்துக்கொள்ளலாம். வெளியான அன்றே ஒட்டாதே, ஒரு வாரம் பிறர் கதியைப் பார்த்து ஒட்டு என்பது பெரியோர் வாக்கு. இரண்டாம் செவ்வாய் 8ஆம் தேதிக்கும் 14க்கும் இடையில்தான் விழும். ஒரு வாரம் கூட்டினால் 15 முதல் 21. அதற்குள் 20ஆம் தேதி இருக்கிறது, அது ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலின் கடைசி நாள்.

இரவு ஒரு மணிக்கு வைத்தால் வம்பில்லை என்று பார்த்தேன். வாட்ச்மேன் பத்து மணிக்கு மேசைகளுக்குப் போகும் மெயினை அணைத்துவிட்டுக் கட்டிலைப் போடுகிறார். அணைந்த கணினியை வலைவழி எழுப்பும் வித்தை ஒன்று உண்டு. அதற்கும் பிளக்கில் கரண்ட் வேண்டும். எனவே பகலுக்கு மாற்றினேன். 20ஆம் தேதி மாலை 4.10க்குக் கணக்கு அக்காவின் கணினி வணக்கம் சொல்லிவிட்டுத் தானாக அணைந்து எழுந்தது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். அக்கா அதை என்னிடம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டில் எனக்கு வரும் மாவடு நின்றுவிட்டது.

ஒற்றுக்குச் செய்யும் சிறப்பைப் பிறரறியச் செய்யாதே, செய்தால் மறையை நீயே வெளியிட்டவனாவாய் என்பது அதிகாரத்தின் கடைசி விதி. ஆயுத பூஜை வந்தது. ஸ்டேப்ளர் முதல் சர்வர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம்; சர்வரின் யுஎஸ்பி துளை ஒன்று அதில் அடைந்து இன்றும் திறக்கவில்லை. பொரி கடலை கொடுத்து முடித்ததும் அண்ணாச்சி எல்லோர் முன்னிலையிலும் எனக்குச் சால்வை போர்த்தி, "இனி யாரு கம்ப்யூட்டர்ல என்ன பண்ணுனாலும் தம்பி பொட்டியில தெரிஞ்சிரும்" என்றார். கைதட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து 39 கணினிகளும் அப்பழுக்கற்றவை. படம், பாட்டு, கிரிக்கெட் எல்லாம் செல்போனுக்குக் குடிபெயர்ந்தன. ஒற்றன் அனுப்பும் ஓலையில் டேலியும் எக்ஸெலும் தவிர வேறில்லை.

ஆட்சேபம் ஒன்றைப் பதிவு செய்யாமல் போனால் நூல் ஒருதலையாகும். ஒற்றை நம்பிக் கோட்டை விட்ட அரசும் உண்டு. 2021 ஜூலை 2 அன்று இதே இனத்தைச் சேர்ந்த கசேயா விஎஸ்ஏ மென்பொருள் வழியாகவே ஆயிரத்துச் சொச்சம் நிறுவனங்களுக்குப் பூட்டு விழுந்தது. சுவீடனில் கூப் கடைகளின் கல்லாப்பெட்டி திறக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக்கின் காவல் ஒற்று தவறான ஓர் அப்டேட்டை விழுங்கி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எங்களிடம் அன்று எதுவும் விழவில்லை. அந்த ஒற்று எங்களிடம் இல்லை, விலை கட்டாது.

இப்போது சர்வரின் விலாசம் 192.168.1.10, பிரிண்டருடையது 192.168.1.50. இரண்டையும் ரவுட்டரில் கட்டிவைத்தாயிற்று. மெயின் சுவிட்ச் மேல், அணைக்காதே என்று இந்தியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒட்டு வேலை 22ஆம் தேதிக்குப் போய்விட்டது.

பயன் ஆராயப்படும் என்று பாயிரத்தில் சொன்னேன். ஒற்றன் தந்த பொருளை ஆராய்ந்தறியாத மன்னனுக்கு வெற்றி கொள்ள வழியில்லை என்கிறது அதிகாரம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 10 மணிக்கு, எந்தக் கணினியில் எந்த ஒட்டு பாக்கி என்ற அறிக்கை அண்ணாச்சியின் மெயிலுக்குத் தானாகப் போகிறது. போன திங்களும் போயிற்று. அதை அவர் திறந்து பார்த்தாரா என்பது தெரியாது. அவருடைய லேப்டாப்பில் ஒற்று இல்லை.