வெண்கலத்துக்கு ஒரு க்வெரி

தமிழ்நாட்டில் பொதுத் தேர்வுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை 2017இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அந்த நல்ல புத்தி இன்னும் வந்து சேரவில்லை. காரணம் அடியேன்தான். அலுவலகத்தில் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவன் வீட்டிலாவது சும்மா இருக்கலாமல்லவா? ஒரு டேபிள் போட்டு, யார் எத்தனை வேலை பார்த்தார்கள் என்று வாரம் முழுக்க ஏற்றினேன். குடும்பத் தலைவனின் உழைப்பு புள்ளிவிவரத்தோடு நிரூபணமாக வேண்டும் என்ற ஆசை.

அம்மா 40, மனைவி 40, கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் மகள் 22, நான் 9. அந்த ஒன்பதில் மோட்டார் சுவிட்சைப் போட்டது ஒன்று, அணைத்தது இன்னொன்று.

டேட்டாபேஸின் மொழியான எஸ்கியூஎல்லில் 'ரேங்க்' ஃபங்ஷனை ஓட்டினேன். 1, 1, 3, 4 என்று வந்தது. முதலிடத்தில் இருவர் சமமாக நின்றால் இரண்டாம் இடத்தையே விழுங்கிவிடும் ரகம் அது. நான்காம் இடத்துக்காரன் மேடையில் ஏற முடியாது. கீழே நின்று கைதட்டலாம். உடனே 'டென்ஸ்_ரேங்க்' என்று மாற்றினேன். அது இடைவெளி விடாது: 1, 1, 2, 3. வெண்கலம்! உழைப்பில் ஒரு துளி கூடவில்லை, ஃபங்ஷன் பெயரில் ஒரு சொல் கூடியது.

"அதெப்படிப்பா? டோக்கியோ ஒலிம்பிக்ல உயரம் தாண்டுறதுல பர்ஷிமும் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துக்கிட்டாங்க. வெள்ளியே கிடையாது, அடுத்தவருக்கு நேரா வெண்கலம். அப்ப வெண்கலம் எனக்கு" என்றாள் மகள். பிள்ளைகளைப் படிக்கவைப்பதில் இப்படியோர் ஆபத்து உண்டு.

"அது கிடக்கட்டும். எங்க ரெண்டு பேர்ல யாருடா முதல்?" என்றார் அம்மா. அதற்கும் 'ரோ_நம்பர்' இருக்கிறது. சமமாக நின்றாலும் ஆளுக்கொரு எண் கொடுத்தே தீரும். பிரித்துக்காட்ட இன்னொரு விவரம் கொடுக்காவிட்டால் யாருக்கு 1, யாருக்கு 2 என்பது அதன் இஷ்டம். அடுத்த முறை மாறியும் வரலாம். வயதைக் கொடுத்தால் அம்மா, அகரவரிசையைக் கொடுத்தால் மனைவி. டேட்டாபேஸ் சொல்லிவிட்டுப் போய்விடும், ராத்திரி இதே வீட்டில் சாப்பிட வேண்டியவன் நான். சர்வர் டவுன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த வசதிகள் எஸ்கியூஎல் தரநிலையில் 2003இலேயே ஏறிவிட்டன. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸுக்கு வந்தது 2018இல், 8.0 பதிப்போடுதான். அதுவரை அதில் ஒவ்வொருவரையும் நிறுத்தி, 'உனக்கு மேலே எத்தனை பேர்?' என்று எண்ணி ஒன்றைக் கூட்டுவதும் ஒரு வழி. ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுமுன் என் அப்பா கையாண்ட முறையும் அதேதான்.

பிறகுதான் 'பார்ட்டிஷன் பை' நினைவுக்கு வந்தது. டேபிளைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 1இலிருந்து ரேங்க் போடும். பாலினப்படி பிரித்தேன். ஆண்கள் பிரிவில் முதலிடம்! வீட்டில் வேறு ஆண் இல்லை என்பதை டேபிள் வெளியே சொல்லாது. பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் ஊரிலிருந்து வந்தான். சாப்பிட்ட தட்டைக்கூட நகர்த்தவில்லை. நியாயமாக 0 போடப் போனேன்.

"வந்த பிள்ளைக்கு சைபரா போடுவீங்க? அந்தக் கட்டத்தைச் சும்மா விடுங்க" என்றாள் மனைவி.

சும்மா விட்டேன். அப்படி விட்ட கட்டத்தை 'நல்' என்பார்கள். நான் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ். வரிசைப்படுத்தும்போது அதற்கு 'நல்'தான் எல்லா எண்ணையும்விடப் பெரியது. இறங்குவரிசையில் ஓட்டியதும் வீட்டிலேயே முதலிடம் மைத்துனனுக்கு! ஆண்கள் பிரிவிலும் அவனே. மைஎஸ்கியூஎல்லாக இருந்தால் கடைசியில் தள்ளியிருக்கும். நமக்கு வாய்த்தது இது. 'நல்ஸ் லாஸ்ட்' என்று சேர்த்தால் போதும் என்று கீபோர்டில் கை வைத்தேன்.

"என் தம்பியைக் கடைசியில தள்ளத்தான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்களா?"

கையை எடுத்துவிட்டேன்.

"முதல் மூணு இடத்துக்கு மட்டும் இன்னைக்கு பஜ்ஜி" என்று அறிவித்தாள் மனைவி.

"அது நடக்காது. ரேங்க் ஃபங்ஷனை 'வேர்' பகுதியில எழுத முடியாது. வடிகட்டின பிறகுதான் ரேங்கே கணக்காகும், எரர் வரும்" என்றேன். சத்தியமான உண்மை.

"உள்ளே ஒரு க்வெரில ரேங்க் போட்டுட்டு வெளியே வடிகட்டலாம்மா" என்று மகள் வந்து உட்கார்ந்தாள். இந்த முறை அவள் போட்டது டென்ஸ்_ரேங்க். வெறும் ரேங்க் போட்டால் அவளுக்கே 4 வருமே! ஒலிம்பிக் பேச்சையே காணோம். நான்கு பெயர்கள் வந்தன, என் பெயர் இல்லை.

மைத்துனனுக்குச் சட்னி ஊற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. அதை ஏற்றினால் என் கணக்கு 10.