தனியாள் சைக்கிளோட்டமும் தன்வழிப் போக்கும்: மதுரை மாசி வீதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு ஆள், ஒரு சைக்கிள், ஒரு நகரம். வழிகாட்டி கிடையாது, கூட்டாளி கிடையாது, போய்ச் சேர வேண்டிய இடமும் கிடையாது. இப்படிக் கிளம்புவதை ‘வேலையத்த வேலை’ என்று வீட்டார் இரண்டே சொல்லில் முடித்துவிடுவதால், ஆய்வுலகம் இதைத் தொடத் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. இதன் கருதுகோள் எளியது: தனியாக, தன் வழியில், சைக்கிளில் ஊர் பார்க்கிறேன் என்று சொல்கிறவர் தனியாகவும் போவதில்லை, தன் வழியிலும் போவதில்லை. ஆய்வுக்களம் மதுரை. அதைத் தேர்ந்ததற்கு வரலாறு, பண்பாடு என்று பல காரணம் சொல்லலாம். உண்மைக் காரணம், பழைய ஊருக்குள் ஏற்றம் குறைவு. ஆய்வாளருக்கு முழங்கால் வலி உண்டு.

முன்னோரைத் தேடுவது ஆய்வின் முதல் கடமை. சைக்கிள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே மதுரையைத் தனியே சுற்றிப் பார்த்தவன் கோவலன். சிலப்பதிகாரம் அதற்கென்றே ஊர்காண் காதை என்று ஒரு காதையை ஒதுக்கியிருக்கிறது. கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு நகருக்குள் போகிறான். மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை, கணிகையர் தெரு எல்லாம் பார்க்கிறான். பத்திரமாகத் திரும்பிவந்து பாண்டியன் ஊரைப் புகழ்கிறான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை எதுவும் பார்க்காமல் சுற்றிய முதல் முறை அவனுக்கு ஒரு கீறல் இல்லை. சிலம்பை விற்கும் வேலையோடு போன இரண்டாம் முறைதான் உயிர் போயிற்று. சும்மா சுற்றினால் உருப்பட மாட்டாய் என்று சொல்லும் பெரியவர்கள் இந்தத் தரவுக்கு இதுவரை மறுமொழி தரவில்லை.

கருவி பற்றிச் சுருக்கமாக. 1817இல் கார்ல் டிரைஸ் செய்த வண்டியில் பெடல் கிடையாது, காலால் தரையை உந்த வேண்டும். 1885இல் ஸ்டார்லியின் ரோவர் வந்தது. நம் பால்காரர் ஓட்டும் சைக்கிளின் உடற்கட்டு அதிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைத் தந்தார். பஞ்சர் ஒட்டும் தொழிலின் வேரும் அங்கேதான். நம் கருதுகோளுக்கு வேண்டிய செய்தி இவை அல்ல, வேறு. ஆளில்லாத சைக்கிளை ஓரளவு வேகமாகத் தள்ளிவிட்டால் அது விழாமல் தானே ஓடும். சாயும் பக்கம் ஹேண்டில்பார் தானே திரும்பிச் சாய்வைச் சரிசெய்துகொள்ளும். சக்கரம் பம்பரம்போல் சுழல்வதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த விளைவை நீக்கி ஒரு சைக்கிள் செய்து, அதுவும் தானே நிமிர்ந்து ஓடுவதை ‘சயின்ஸ்’ இதழில் காட்டினார்கள். ஆக, தனியாகவும் தன் வழியிலும் ஓடக்கூடிய சைக்கிள் உலகத்தில் உண்டு. அதன் மேல் ஆள் உட்காரக் கூடாது, அவ்வளவுதான்.

இனி களம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்திருப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை, அடுத்து ஆவணி மூலம், அடுத்து மாசி, கடைசியாக வெளிவீதி. திசைக்கு ஒன்றாக ஒவ்வொன்றிலும் நான்கு, மொத்தம் இருபது. சைக்கிளோட்டிக்கு இந்த இருபதும் கிடைக்காது. செருப்பே போகாத ஆடி வீதியில் டயர் போகாது. சித்திரை வீதி நடப்பவர்களுக்கு என்று விடப்பட்டுவிட்டது; சைக்கிளும் வாகனந்தானா என்ற தத்துவக் கேள்வியை அங்கே நிற்கும் காவலரிடம் எழுப்பலாம், பதில் உடனே கிடைக்கும். மிச்சம் பன்னிரண்டு. மாதப் பெயரும் திசைப் பெயரும் சேர்ந்தால் முகவரி வந்துவிடுகிறது, இதைவிடத் தெளிவான ஊர் அமைப்பு எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர் வியப்பார். வியந்து முடிப்பதற்குள் சித்திரைத் திருவிழா வரும், தேர் மாசி வீதியில் ஓடும். மாசியில் நடந்த விழாவைச் சித்திரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர். விழா நகர்ந்தது, தேர் போகும் வீதி நகரவில்லை. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊர் ஒரு மாதத்துத் தேரை இன்னொரு மாதத்து வீதியில் இழுத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறது.

மாசி வீதிக்கும் வெளிவீதிக்கும் நடுவே பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் வந்து கணக்கைக் கலைப்பதற்கு ஒரு கலெக்டர் காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிளாக்பர்ன் துரை கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அந்த வேலையில் முன்நின்றவர்கள் வீதிப் பெயர்களாக மிஞ்சினார்கள். துரைக்குக் கிடைத்தது விளக்குத்தூண். இன்று அங்கே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஜிகர்தண்டா குடிக்கத்தான் இறங்குகிறார்கள், துரையை நினைக்க அல்ல. ஆனால் சைக்கிளோட்டி நன்றி சொல்ல வேண்டும். சுவர் நின்றிருந்தால் ஊரைச் சுற்றும் கலை அகழிக் கரையோடு முடிந்திருக்கும். பெரியார் பேருந்து நிலையத்தருகே கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. முதல் பார்வையில் அதை ஏதோ பாதியில் விட்ட கட்டடம் என்று எண்ணிக் கடந்துவிடுவது வழக்கம்.

திசை அறிய மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. முதலாவது கோபுரம். நான்கில் தெற்குக் கோபுரம் உயரம், சுதைச் சிற்பமும் ஆயிரத்துக்கு மேல். வடக்குக் கோபுரம் நெடுநாள் முடியாமல் கிடந்து மொட்டைக் கோபுரம் என்றே பெயர் வாங்கியது, சிற்பம் குறைவு. எனவே பொம்மை அடர்த்தியைப் பார்த்தே தெற்கையும் வடக்கையும் சொல்லிவிடலாம். சந்துக்குள் நுழைந்தபின் கோபுரம் தெரியாது, கல்யாண பேனர்தான் தெரியும் என்பது இம்முறையின் குறை. இரண்டாவது மோப்பம். மூக்கில் வற்றல் நெடி ஏறினால் கீழமாசி வீதியின் பலசரக்கு மொத்தக் கடைகள்; கண்ணும் சேர்ந்து எரிந்தால் கீழமாரட் வீதி வெங்காயம். மல்லிகையை நம்பக் கூடாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்னவோ உண்மை, ஆனால் அது எல்லா மூலையிலும் முழம் போடப்படுவதால் எந்த இடத்தையும் குறிப்பதில்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளுக்கு மணமே கிடையாது. பொன்னுக்கு மணம் இல்லை என்பது பழைய குறைபாடு.

மூன்றாவது வழி, கேட்பது. இங்கேதான் கருதுகோள் நிலைபெறுகிறது. தமிழில் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை. அதாவது தொகுப்பில் பாதி. அவற்றில் முதலாவதான திருமுருகாற்றுப்படை தொடங்குவதே மதுரைக்குப் பக்கத்திலுள்ள திருப்பரங்குன்றத்தில். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், பெறாத பாணனை எதிரில் கண்டு, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்ன சோறு கிடைக்கும் என்று விரித்துச் சொல்வது மரபு. டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர் இந்த மரபின் நேர் வாரிசு. ஒரே வேறுபாடு, பாணன் பரிசு பெற்றபின் சொன்னான்; இவர் பெறாமலே சொல்வார். சைக்கிளின் வேகம் அதற்குத் தோதானது. பைக்கில் போகிறவரை நிறுத்த முடியாது, நடந்து போகிறவர் உள்ளூர்க்காரராக இருக்கக்கூடும். ஓரமாகக் காலை ஊன்றி, ஒரு கை பிரேக்கில் வைத்து, அண்ணாந்து கடைப் பலகை படிக்கும் ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

“எங்கண்ணே போகணும்?”

“எங்கேயும் இல்ல, சும்மாதான்.”

“அப்ப நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் ஒடிங்க. அங்கிட்டு ஒரு தெப்பம் இருந்துச்சு, இப்ப இல்ல. அதுக்கு எதுத்தாப்புல.”

எங்கேயும் போகாதவருக்கு வழி சொல்ல முடிகிறது என்பது முதல் வியப்பு. இல்லாத தெப்பம் அடையாளமாக நிற்கிறது என்பது இரண்டாவது. ஏழுகடல் தெருவில் கடலும் இல்லை, பெயருக்குக் காரணமான குளமும் இல்லை, அதன் இடத்தில் கடைக் கட்டடம் இருக்கிறது; இருந்தும் வழி சொல்கிறவர் குளத்தை விடுவதில்லை. சைக்கிளோட்டி கண்ணால் பார்ப்பது இன்றைய மதுரை, காதால் ஓட்டுவது நாற்பது வருடத்துக்கு முந்தைய மதுரை. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் நல்ல சந்துகள் அகப்படுகின்றன. மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டைத் தாமே கண்டுபிடித்ததாகச் சொல்லும் ஓட்டியையும் நன்றாக விசாரித்துப் பாருங்கள். அதன் முன் நின்று செயின் மாட்டிக்கொண்டிருந்தபோது எவரோ வலிய வந்து காட்டியிருப்பார்.

செயின் என்றதும் நினைவு வருகிறது. தனிமைக்குச் செயினைப்போல் எதிரி கிடையாது. அது கழன்ற மறுகணம் பக்கத்தில் ஒருவர் குந்தியிருப்பார். ஒருவர் பெடலைச் சுற்றுவார், ஒருவர் குச்சி தேடுவார், ஒருவர் இந்தக் காலத்துச் சைக்கிளைத் திட்டுவார். கையில் கிரீஸ் படாத ஒரே ஆள் சைக்கிளுக்குச் சொந்தக்காரர்.

ஓட்டுகிறவர் பெண்ணானால் இந்த உதவிப்படை இரட்டிக்கும். கூடவே ‘எங்கம்மா தனியா?’ என்ற விசாரணையும் சேரும். இந்த இடத்தில் ஆய்வாளர் கேலியைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில். யாராவது வந்து கேரியரில் ஏற்றிக்கொண்டு போகும்வரை காத்திருந்தவர்களுக்குத் தனியாகப் போவது பொழுதுபோக்கு அல்ல. இக்கட்டுரையின் கருதுகோள் அவர்களிடம் செல்லாது. செல்லாமலே இருக்கட்டும்.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி: மாசி வீதியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? கோயிலை வலம் வர வேண்டுமானால் கோயில் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். சாலை விதியோ இடது ஓரத்தில் போகச் சொல்கிறது. ஆக, வலம் வருகிறவர் ஒவ்வொரு மூலையிலும் எதிரே பாயும் ஷேர் ஆட்டோக்களைக் குறுக்கே வெட்டித் திரும்பியாக வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு கண்டம். இடப்பக்கமாகச் சுற்றினால் நான்கு மூலையும் ஓரத்தோடு ஒடித்துவிடலாம், ஒரு சிராய்ப்பு வராது. தெய்வ குற்றம் வரும். இதில் ஆய்வாளர்கள் இரு கட்சி என்று எழுத ஆசைதான். இத்துறையில் ஆய்வாளர் நான் ஒருவனே என்பதால் காலையில் ஒரு கட்சியும் மாலையில் மறு கட்சியுமாக இருந்துவருகிறேன். விளக்குத்தூண் பக்கம் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் இதை விளக்கமாகவே எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க, சார்” என்றார்.