துறைமுகத்துக்குத் தகப்பன் மூன்று பேர்

விழிஞம் துறைமுகம் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எங்கள் திருவனந்தபுரத்தில் மூன்று கட்சிகள் உண்டு. 2015 ஆகஸ்ட் 17 அன்று அதானி நிறுவனத்தோடு கையெழுத்துப் போட்டது உம்மன் சாண்டியின் காங்கிரஸ் அரசு. எதிரே உட்கார்ந்திருந்த மார்க்சிஸ்டுகள், இதில் பல்லாயிரம் கோடிக்கு நில ஊழல் என்று தொண்டை வரளக் கத்தினார்கள். அடுத்த வருஷம் ஆட்சிக்கு வந்தார்கள். ஊழலுக்கு வளர்ச்சி என்று பதவி உயர்வு கிடைத்தது. 2024 ஜூலை 12 அன்று சான் பெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பலை வரவேற்ற மேடையில் முதலமைச்சர் பினராயி விஜயன் நீளமாகப் பேசினார். உம்மன் சாண்டி என்ற பெயர் மட்டும் அவர் நாக்குக்கு எட்டவில்லை. 2025 மே 2 அன்று பிரதமர் மோடி வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். அன்றைக்கு மாநில அமைச்சர்கள் சிலர் கீழே சபையில் உட்கார்ந்திருக்க, பாஜக மாநிலத் தலைவர் ராஜீவ் சந்திரசேகர் முதல் ஆளாக மேடையேறித் தன்னந்தனியாகக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் கட்சியின் மத்திய அரசு, இந்தத் துறைமுகத்துக்குக் கொடுத்த 817.80 கோடி ரூபாயை வருமானத்தில் பங்காகத் திருப்பித் தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. பால் காசைக் கணக்கெழுதி வைக்கும் தகப்பன்.

தகப்பன்மார் இத்தனை பேர் இருந்தும் பிள்ளையின் வயசு ஒருவருக்கும் தெரியாது. ஆய் மன்னர்கள் இங்கே கப்பல் விட்டார்கள். 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் விழிஞத்துக் கோட்டையை உடைத்ததைச் செப்பேட்டில் பெருமையாகப் பொறித்துக்கொண்டான். சோழர்கள் வந்து ராஜேந்திர சோழப்பட்டினம் என்று பெயரை மாற்றினார்கள். கலிங்கத்துப்பரணியில் விழிஞத்தை அழித்தது ஒரு பாராட்டு. வந்தவன் ஒவ்வொருவனும் உடைத்தான், தன் பெயரை எழுதினான், போய்விட்டான். அந்தக் காலத்தின் மிச்சமாகச் சின்னக் குடைவரைக் கோயில் ஒன்று நிற்கிறது, செதுக்கி முடிக்காத சிற்பங்களோடு. கட்டுமரம் தள்ளியவன் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. திறப்பு விழாக் கல்வெட்டிலும் கிடையாது, அதில் மட்டும் நாம் மரபு மாறாதவர்கள்.

தலைநகரத்துக்குத் துறை இல்லாமல் இருந்ததும் இல்லை. நகரத்துக் கரமனையிலிருந்து சில கிலோமீட்டரில் வலியதுறை. அங்கிருந்த பழைய இரும்புக் கடற்பாலத்தில் 1947-ல் ஒரு கப்பல் மோதியது. 1956-ல் புதுப்பாலம் கட்டினார்கள். 2024 மார்ச்சில் அது இரண்டாக ஒடிந்து விழுந்தது. அதற்குத் தகப்பன் என்று யாரும் வரவில்லை.

கடலுக்கு இங்கே இரண்டு பேரேடு. 1,000 நாளில் முடித்துக் காட்டுகிறோம் என்று சொன்ன நிறுவனம், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து அலைத்தடுப்புச் சுவரைக் கெடுத்துவிட்டது என்றது. இயற்கைச் சீற்றம்! அரசு தலையாட்டியது, கடைசியில் கெடு 5 வருஷம் நீண்டது. அதே ஒக்கியில் கேரளக் கரையிலிருந்து போன நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவே இல்லை. அவர்கள் வீட்டுக்கு யாரும் கெடு நீட்டவில்லை. அதே கடல் வலியதுறையிலும் சங்குமுகத்திலும் வரிசை வரிசையாக வீட்டை விழுங்கியது. துறைமுகச் சுவரால்தான் கரை அரிக்கிறது என்று மீனவன் சொன்னபோது, ஆதாரம் எங்கே, நிபுணர் குழு சொல்லட்டும் என்றார்கள். கம்பெனி சுவரை உடைத்தால் கடல் குற்றவாளி. குடிசையை உடைத்தால் கடல் நிரபராதி, குடிசைதான் தப்பான இடத்தில் நின்றது.

வீடு போனவர்கள் வலியதுறைக் கிடங்குகளில், சேலையைத் திரையாகக் கட்டி, வருஷக்கணக்கில் கிடந்தார்கள். தானியம் அடுக்கக் கட்டிய இடத்தில் மனுஷனை அடுக்குவது சிக்கனம்தானே. 2018 வெள்ளத்தில் இவர்கள் வள்ளம் கொண்டுவந்து ஆளைத் தூக்கியபோது, கேரளத்தின் ராணுவம் என்று முதலமைச்சர் நெஞ்சு நெகிழ்ந்தார். 2022 ஆகஸ்டில் துறைமுகத்தின் முல்லூர் வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது அதே ராணுவம் வளர்ச்சியின் எதிரி ஆகிவிட்டது. அவர்களை எதிர்க்க மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்டச் செயலாளரும் பாஜக மாவட்டத் தலைவரும் ஒரே மேடையில் தோளோடு தோள் நின்றார்கள். சபரிமலை விவகாரத்தில் சேராதவர்களைச் சேர்த்துவைத்த சக்தியை என்ன சொல்ல! மீனவர்களோடு நின்ற பேராயர் மேல்கூட வழக்குப் பாய்ந்தது. டிசம்பரில் போராட்டம் முடிந்தபோது மீனவர் கையில் இருந்தது மாசம் 5,500 ரூபாய் வாடகை என்ற வாக்கு. அந்தக் காசுக்கு இந்த நகரத்தில் வீடு காட்டும் தரகர் இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

விழிஞத்துக்கு ஒப்பாகச் சிங்கப்பூர், கொழும்பு என்று பேசுகிறார்கள். நான் மொராக்கோவின் தாஞ்சியரைச் சொல்வேன். கப்பல் தேடி நம் கொல்லம்வரை வந்த இபன் பதூதா பிறந்த ஊர். அங்கே 2007-ல் நகரத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தள்ளிப் பெரிய சரக்குப் பெட்டித் துறைமுகம் திறந்தார்கள். விழிஞம் போலவே அங்கும் பெட்டி ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குத் தாவும் வேலைதான் முக்கியம். ஆனால் 2012-ல் பக்கத்தில் ரெனோ கார் தொழிற்சாலையாவது வந்தது. நமக்கு வந்தது மேடை, பந்தல், மறுபடியும் மேடை.

சான் பெர்னாண்டோ வரவேற்புக்கு மறுநாள், 2024 ஜூலை 13. தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி தண்ணீரோடு போனார். உடல் 15-ஆம் தேதி கிடைத்தது. ரயில்வே மாநகராட்சியைக் கைகாட்டியது; மாநகராட்சி ரயில்வேயைக் கைகாட்டியது. முந்தின நாள் கடலுக்கே சொந்தம் கொண்டாடியவர்களுக்கு ஊர் நடுவில் ஓடும் சாக்கடை யாருடையது என்று தெரியவில்லை.

மோடி வந்துபோன 23-ஆம் நாள், 2025 மே 25 அன்று, விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 640 பெட்டி, 13-ல் ஆபத்தான சரக்கு. கொடி லைபீரியாவுடையது, கம்பெனி கடலே இல்லாத சுவிட்சர்லாந்தில். பெட்டிகளிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் மட்டும் நம்முடையவை, நம் கடற்கரை மணலோடு கலந்துவிட்டன. மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி இழப்பீடு கேட்டது. அதில் மீனவர் இழப்புக்கு என்று எழுதியது 526 கோடிச் சொச்சம். கையில் உடனே கொடுத்தது குடும்பத்துக்கு 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும்.

அந்த ஜூனில் கரமனைப் பாலத்தோரம் அலுமினியச் சருவத்தில் சாளை நிறைய வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். விஷம் கலந்திருக்கும் என்று பயந்து யாரும் வாங்கவில்லை. ஐஸ் கரைந்து தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டேன்.

“கப்பல் ஒண்ணு முங்கினா ஆறு கிலோ,” என்றார். “ரெண்டு முங்கினா பன்னெண்டு தருவானா, அண்ணாச்சி?”